கிணற்றடி ஈப்புலி

6 ஜூலை 2024, சனி. உப்புவெளி, திருகோணமலை

கச்சான் காற்று விடுகிற மாதிரி இல்லை. கிணற்றடிக் குரோட்டன் இலை கொஞ்சம் ஆடினாலே சிலந்தி படத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. இவ்வளவு கிட்டப் போனால் கூர்மையாக விழுவது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. கண்ணுக்குப் பிடித்தால் கால் மங்கும், காலுக்குப் பிடித்தால் கண் மங்கும். அதனால் காற்று எழும்ப முன், ஆறரைக்குள் வேலையை முடிக்க வேண்டும். இன்றைக்கு நாற்பது படம். முப்பத்தொன்பதில் முதுகுதான் தெளிவு.

அம்மா இதை ஈப்புலி என்பார். வலை கட்டிக் காத்திருக்காது. ஈயைக் கண்டால் பதுங்கிப் பதுங்கிப் போய், நின்ற இடத்தில் ஒரு நூலை ஒட்டிவிட்டுப் பாயும். தவறினால் அந்த நூலில் தொங்கித் திரும்பி வரலாம். புலிக்குக்கூட இந்த வசதி இல்லை.

7 ஜூலை

மிகக் கிட்டத்தில் படம் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசு இல்லை. பழைய 50 மி.மீ. லென்ஸை ஒரு வளையம் போட்டுத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். சிலந்திக்கும் கண்ணாடிக்கும் நாலைந்து விரல் இடைவெளிதான். உள்ளே இருக்க வேண்டிய பக்கம் வெளியே நிற்பதால் உப்புக்காற்று நேரே அதில் படிகிறது. படம் எடுத்த கையோடு துடைத்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஏற்கெனவே ஒரு லென்ஸ் அப்படிப் போனது.

பிளாஷுக்கு முன்னால் வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) தட்டு ஒன்றைக் கட்டினேன். அது இல்லாமல் எடுத்தால் முன்கண் இரண்டிலும் ஊசி குத்தியது போல வெள்ளைப் புள்ளி விழுகிறது. தட்டு வந்த பிறகு கண் குண்டுமணி போல மினுங்குகிறது.

14 ஜூலை, ஞாயிறு

“பிரிட்ஜில அஞ்சு நிமிஷம் வை மச்சான், ஆடாமல் நிக்கும்” என்று கூட்டாளி ஒருவன் சொன்னான். போன வருடம் ஒருமுறை நானும் அப்படிச் செய்தவன்தான், மறைக்கவில்லை. சிலந்தி காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. படம் பார்க்கச் செத்தவீட்டுப் படம் மாதிரி இருந்தது. சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்ட இல்லை. உடம்பில் இருக்கிற திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது; பாய்ச்சலுக்கும் அதே அழுத்தம்தான். செத்த சிலந்தியின் கால் சுருண்டுபோவது இதனால்தான். விஷயம் தெரிந்தவன் படத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவான். அதை அழித்துவிட்டேன்.

20 ஜூலை, போயா (பௌர்ணமி)

லீவு. இலைக்கு அடியில் வெளிறிய பச்சைச் சிலந்தி ஒன்று, தலை கண்ணாடி போல. அரை மணித்தியாலம் முன்னால் குந்தியிருந்தேன். படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தால் ஒன்றில் கண் கறுப்பு, அடுத்ததில் தேன் நிறம். இன்னொன்றில் ஒரு கண் கறுப்பு, மற்றது பாதி வெளிறல். பிளாஷ்தான் பழுதாக்கும் என்று பற்றரியைக்கூட மாற்றினேன்.

பிளாஷில் பிழை இல்லை. இதற்கு எட்டுக் கண். முன்னால் இருக்கிற பெரிய இரண்டும் தொலைநோக்கி மாதிரி: வில்லை தலையோடு அசையாமல் நிற்கும், அதன் பின்னால் ஒரு நீளக் குழாய், குழாயின் கடைசியில் விழித்திரை. ஒவ்வொரு குழாயையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நாம் கண்மணியை உருட்டுவது போல இது உள்ளே குழாயைத் திருப்புகிறது. விழித்திரை நம் பக்கம் வரும்போது கண் கறுப்பாகத் தெரியும், விலகினால் வெளிறிவிடும். சரி, கறுத்த கண் என்றால் அந்த நேரம் அது என்னைத்தான் பார்க்கிறது!

பழைய படங்களையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அழகென்று நான் வைத்திருந்த தேன்நிறக் கண்களில் அது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

28 ஜூலை. உவர்மலை

அக்கா வீட்டு மாமரத்தில் முசுறு எறும்பு. நடுவில் ஒன்று மட்டும் நடை சரியில்லை, நின்று நின்று போனது. எண்ணினால் எட்டுக் கால். முன்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருந்தது. கிளையைத் தட்டினேன், நூல் விட்டுத் தொங்கியது. முசுறு அப்படித் தொங்காதே. எறும்பு வேஷம் போட்ட இதுவும் ஈப்புலிச் சாதிதான். நல்ல படம் இரண்டு, கடி பதினேழு. அக்கா தேங்காயெண்ணெய் பூசிவிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

4 ஆகஸ்ட், ஆடி அமாவாசை

காலையில் கடலில் அப்பாவுக்காக முழுகிவிட்டு வந்து, காத்தோட்டிக்காயோடு மரக்கறிச் சாப்பாடு. கமராவைத் தொடுகிற எண்ணமே இல்லை.

பின்னேரம் காற்று அதிசயமாக அடங்கியது. கிணற்றுக் கட்டில் ஒரு ஆண் சிலந்தி. லென்ஸை நீட்டியதும் முன்காலைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் தெரிந்த தன்னையே இன்னொரு ஆண் என்று நினைத்திருக்கும். ஆறாவது படம் எடுக்கும்போது லென்ஸ் மேலேயே பாய்ந்துவிட்டது. இறக்கிவிடப் பத்து நிமிடம்.

மூன்றாவது படத்தில் இரண்டு கண்ணும் நேராக நிற்கின்றன. பெருப்பித்துப் பார்த்தால் கண்ணுக்குள் ரெஜிபோம் தட்டு வெள்ளையாக, அதன் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உது உன்ரை தலையோ?”

“ஓமம்மா.”

“முழுகிப்போட்டுத் தலை இழுக்கேல்லையே நீ?”