பத்து ரூபாய் நாணயமும் வெறுங்கையும்

மதுரையில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற புரளி ஊரெங்கும் பரவியிருந்த காலத்தில், வாடிக்கையாளர்கள் தயங்கித் தயங்கி நீட்டிய நாணயங்களை நான் மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆனால் அவற்றை நான் கொடுக்கப் போன இடங்களில் வாங்கத்தான் ஆளில்லை. பதினான்கு வடிவங்களில் வெளிவந்த எல்லா நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. அப்படிச் சேர்ந்தவை ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடந்தன. ஆறு வயதான என் அண்ணன் மகன், நாணயம் ஒன்று விரல் நுனியிலிருந்து மறைந்துபோகும் வீடியோவை என் போனில் காட்டி, "அத்தை, இது எப்படி?" என்று கேட்ட இரவில், எனக்கும் அதைத் தெரிந்துகொள்ளாமல் தூங்க முடியாது என்று தோன்றியது. கருவிக்காக எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

கைத்திறனால் செய்யும் இந்தக் கலைக்குத் தமிழில் செப்பிடு வித்தை என்ற பழைய பெயர் உண்டு. செப்பு என்றால் சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றுக்கடியில் பந்துகளை வரவழைத்தும் மறைத்தும் காட்டுகிற தெருவித்தையோடு ஒட்டிய சொல் அது. கேரளத்தில் இன்றும் 'செப்பும் பந்தும்' என்றே அந்த வித்தையைச் சொல்கிறார்கள். வாழக்குன்னம் நம்பூதிரி அதில் பெரும்புகழ் பெற்றவர். பொருளைக் கைக்குள் மறைத்துக் கையாளும் திறனுக்கு மலையாளத்தில் 'கையொதுக்கம்' என்று பெயர். ஆங்கிலத்தில் பாமிங் என்று வீடியோக்காரர்கள் சொல்லும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கேட்டதில்லை. ஏனென்றால், நாணயத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடிப்பது அல்ல அந்த வேலை. அதை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கை தன் வழக்கமான காரியங்களைத் தடையின்றிச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

நாணயத்தின் அளவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஒரு வாரத்தை அதில்தான் இழந்தேன். அமெரிக்கர்கள் கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலும் அரை டாலர் நாணயத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் விட்டம் 30.6 மில்லிமீட்டர், எடை 11.34 கிராம். நான் முதலில் எடுத்தது இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய். அது 22 மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்தால் இரு பக்கச் சதையும் அதை எட்டவே இல்லை. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலமும் 7.71 கிராம் எடையும் கொண்டது. என் கை சிறியது என்பதால் எனக்கு அது சரியாகவே பொருந்தியது. மஞ்சள் வளையமும் வெள்ளை நடுவும் இருப்பதால் எதிரில் இருப்பவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிறது. இருபது ரூபாய் நாணயமும் அதே 27 மில்லிமீட்டர்தான் என்றாலும், அதன் பன்னிரண்டு முனைகள் விரல்களுக்கிடையில் திருப்பும்போது எனக்கு இடறின.

முதலில் பழகியது ஃபிங்கர் பாம். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் நாணயத்தைக் கிடத்தி, விரல்களை லேசாக வளைத்துக்கொண்டால் போதும். இதை எந்த வீடியோவையும்விட, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர்களின் கைகள் எனக்கு நன்றாகக் கற்றுத்தந்தன. சும்மா தொங்கும் கையை யாரும் விறைப்பாக விரித்து வைத்திருப்பதில்லை. விரல்கள் தாமாகவே உள்நோக்கி வளைந்திருக்கும். அந்த இயல்பான வளைவுக்குள் ஒரு நாணயம் தாராளமாகக் குடியிருக்க முடியும்.

கிளாசிக் பாம் அப்படியல்ல. நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியாலும் நாணயத்தை உள்ளங்கையின் நடுவுக்கு அழுத்த வேண்டும். கட்டைவிரல் மேட்டுச் சதையும் எதிர்ப்புறத்துச் சதையும் அதன் விளிம்பை இரு பக்கமும் கவ்விக்கொள்ள, விரல்கள் ஐந்தும் விடுதலையாகிவிட வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரலை உள்ளே இழுத்து இறுக்கினேன், மற்ற விரல்கள் மரக்கட்டைபோல நீட்டிக்கொண்டன. உண்மையில் தேவைப்படும் அழுத்தம் மிகக் குறைவு. நாணயம் இருக்க வேண்டிய இடம் ஒவ்வொரு கைக்கும் சற்றே மாறும். என் கையில் அது நான் நினைத்த இடத்தைவிட மணிக்கட்டுப் பக்கமாக அரை விரற்கடை தள்ளி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. கடையில் பக்கங்களை அடுக்கும்போதும், ஸ்டேப்ளர் அடிக்கும்போதும், சில்லறை எண்ணிக் கொடுக்கும்போதும் வலது உள்ளங்கையில் ஒரு நாணயம் இருந்துகொண்டே இருந்தது. தரையில் விழுந்தால் உருண்டோடி மெஷினுக்கு அடியில் போய்விடும் என்பதால், வீட்டில் பழகும்போது கட்டிலின் மீது கை இருக்கும்படி உட்கார்ந்துகொள்வேன்.

நாணய வித்தையின் அரசர் என்று பெயரெடுத்த அமெரிக்கர் டி. நெல்சன் டவுன்ஸ் (1867–1938) மேடைக்கு வருவதற்கு முன் ரயில்வேயில் தந்தி அனுப்பும் வேலை பார்த்தவர். வெறுங்காற்றிலிருந்து ஒவ்வொன்றாக நாணயங்களைப் பறித்துப் பாத்திரத்தில் போடும் வித்தைக்காக அவரை இன்றும் பேசுகிறார்கள். வேலை வரும்வரை மேசையருகில் காத்திருக்கும் கைகளுக்கு மட்டுமே கிடைக்கிற ஒரு நேரம் உண்டு. அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும்போது அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வீடியோக்களைப் பற்றிச் சில வார்த்தைகள். நான் பார்த்தவரை தமிழில் 'ரகசியம் இதுதான்' என்று உடைத்துக் காட்டுபவை ஏராளமாக இருக்கின்றன. ஒரு அசைவைப் பொறுமையாகக் கற்றுத்தருபவை குறைவு. ரகசியத்தைத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும், அதனால் கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. கற்றுத்தருபவர் எதிரில் உட்கார்ந்து காட்டும்போது அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் தெரிவதால், முதல் சில நாட்கள் எந்தக் கையால் எதைச் செய்கிறோம் என்பதே குழம்பிவிடும். தோளுக்கு மேலிருந்து படம்பிடித்த வீடியோ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கும் வசதியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. விரல் எங்கே போகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும், ஆனால் தாளம் கெட்டுவிடும். பாதி வேகத்திலேயே பார்த்துப் பார்த்துப் பழகியதில், உண்மை வேகத்தில் இல்லாத ஒரு சிறு தயக்கம் என் கையில் ஒட்டிக்கொண்டது. அதை உதிர்க்கப் பல நாட்கள் ஆயின. இன்னொன்று: அவற்றில் பல, முழுக்கைச் சட்டையும் கால்சட்டைப் பையும் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. சேலை கட்டியவளுக்குப் பையில்லை. மடியும் இடுப்பில் சொருகிய தலைப்பும்தான் உண்டு. வளையல்களைப் பற்றி எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி வளையல்கள் கை அசையும்போதெல்லாம் மெல்லப் பேசிக்கொண்டிருக்கும். நாணயத்தை ஒளித்து வைத்த கை விறைத்துக்கொண்டால், அந்தக் கையின் வளையல் மட்டும் திடீரென்று மௌனமாகிவிடும்; பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் அங்கே திரும்பிவிடும். அதனால் வளையல்களைக் கழற்றாமலே பழகுகிறேன். என் கை தளர்வாக இருக்கிறதா என்பதை எனக்குச் சொல்வதற்கு அவற்றைவிட நல்ல ஆள் கிடைக்காது.

இவற்றையெல்லாம் கடந்து பிரெஞ்ச் டிராப்புக்கு வந்தேன். இடது கையின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே நாணயத்தை விளிம்பில் பிடித்துக் காட்ட வேண்டும். வலது கை அதை எடுக்க வருகிறது. அதன் கட்டைவிரல் நாணயத்துக்கு அடியிலும் மற்ற விரல்கள் மேலாகவும் செல்கின்றன. விரல்கள் நாணயத்தை மறைக்கும் கணத்தில் இடது கட்டைவிரல் விட்டுவிட, நாணயம் இடது விரல்களின் அடியிலேயே விழுந்துவிடுகிறது. வலது கை எதையும் எடுக்காமல் மூடிக்கொண்டு விலகுகிறது. நாணயங்களை மறைக்கும் இதுபோன்ற வித்தைகளை, அவை சூனியம் அல்ல, கைப்பழக்கமே என்று காட்டுவதற்காக ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் 1584-லேயே அச்சில் விளக்கியிருக்கிறார்.

ஒரு மாதம் பழகிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனை எதிரில் உட்காரவைத்துச் செய்து காட்டினேன். வலது கையை மூடி, ஊதி, விரித்தேன். அவன் விரித்த கையைப் பார்க்கவே இல்லை. "அந்தக் கையில இருக்கு" என்று இடது கையைப் பிடித்துக்கொண்டான். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான், நான் கட்டிலில் இருந்தேன். கீழிருந்து பார்ப்பவனுக்கு வளைந்த விரல்களின் உட்புறம் நன்றாகவே தெரியும். கோணத்தை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவனை நாற்காலியில் ஏற்றி மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கையைப் பிடித்தான். ஒரே வித்தையை ஒருவருக்கே உடனே இரண்டாம் முறை காட்டக் கூடாது என்ற பாடத்தையும் அன்றே சேர்த்துக் கற்றுக்கொண்டேன்.

அம்மா கீரை ஆய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் காய்கறிக் கடையில் உட்கார்ந்து காசு வாங்கிப் போட்டவர். "அந்தக் கையை ஒளிச்சு வைக்கிறதெல்லாம் சரியாத்தான் செய்யுற. வாங்குன கைதான் வாங்குன மாதிரியே இல்ல. காசை வாங்குனவ அதைப் பொத்துவா, அதைத்தான் பாப்பா. நீ இன்னமும் இந்தக் கையையே பாத்துக்கிட்டு இருக்க" என்றார்.

ஒரு மாதமாக நான் பழகியது முழுவதும் இடது கையை. வீடியோக்களும் அதைத்தான் அருகில் வைத்துக் காட்டின, ஏனென்றால் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பார்ப்பவர் நம்ப வேண்டியது வலது கையை. அது நாணயத்தை வாங்கியிருந்தால் எப்படி மூடியிருக்கும், எவ்வளவு எடையோடு விலகியிருக்கும், என் கண் எப்போது அதோடு போயிருக்கும் என்பதெல்லாம் எனக்கே தெரியாது. ஆயுள் முழுவதும் காசு வாங்கிய கையை நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

கண்ணைப் பற்றி அம்மா சொன்னதை ஆய்வும் சொல்கிறது. கஸ்டாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வித்தைக்காரர் ஒரு பந்தை இருமுறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்து பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். அவர் பார்வை மேலே சென்றபோது பார்த்தவர்களில் பெரும்பாலோர் பந்து மேலே போனதைக் கண்டதாகவே சொன்னார்கள். பந்தை ஒளித்த கையை அவர் பார்த்தபோது அப்படிச் சொன்னவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மேடையில் நிற்பவரின் கண்தான் நம் கண்ணுக்கு வழிகாட்டி. நான் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் மகனுக்கு விடையை நானே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பழகும் முறையை முழுவதுமாக மாற்றினேன். போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, இடது கையிலிருந்து நாணயத்தை வலது கையால் உண்மையாகவே எடுக்கிறேன். இருபது முறை எடுக்கிறேன், ஒருமுறை எடுக்காமல் விடுகிறேன். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்து, எடுக்காத அந்த ஒன்று எது என்று எனக்கே கண்டுபிடிக்க முடிகிறதா என்று தேடுகிறேன். தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்பதுபோல் அது தனித்துத் தெரிந்தது: உண்மையாக எடுக்கும்போது என் சுண்டுவிரல் கடைசியாக மூடுகிறது, பாவனை செய்யும்போது எல்லா விரலும் ஒரே சமயத்தில் மூடிக்கொள்கின்றன. உண்மையாக எடுத்த கை சற்றே கீழிறங்கிப் பின் மேலே வருகிறது. எடுக்காத கை நேராகவே விலகுகிறது. கண்ணாடி முன் பழகியபோது இவை எதுவும் தெரியவில்லை. கண்ணாடிப் பழக்கத்தால் இன்னொரு கேடும் வந்திருந்ததை வீடியோதான் காட்டியது. நாணயத்தை விடும் அந்தக் கணத்தில் நான் கண்ணை இமைத்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றும் நொடியைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்ளும் இந்த இமைப்பைப் பற்றி அனுபவசாலிகள் எச்சரிப்பதை அதன் பிறகுதான் கவனித்துக் கேட்டேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, இருபத்தொன்றில் எது பொய் என்று எனக்கே தெரியாத ஒரு வீடியோ கிடைத்தது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய என் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரலைப் பிரித்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அம்மா பூஜை அலமாரியிலிருந்த குங்குமச் சிமிழுக்கு அடியில் துழாவி, ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த 1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அளந்து பார்த்தேன், விட்டம் 30 மில்லிமீட்டரைத் தாண்டியது. வீடியோக்களில் நான் ஏங்கிப் பார்த்த அந்த அரை டாலருக்கு எடையிலும் அகலத்திலும் உடன்பிறப்புப் போன்ற நாணயம், இத்தனை நாளும் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது. உள்ளங்கையில் அழுத்தியதும் அதன் வரிவிளிம்பு சதையைக் கவ்விய விதமே வேறாக இருந்தது. கை பழைய இடத்தை மறந்து புதிய இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இன்னும் பிடிபடவில்லை, நான்கு முறைக்கு ஒருமுறை நழுவுகிறது. கட்டிலை விட்டு வேறெங்கும் வைத்துப் பழகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.