மிளகும் தாழ்ப்பாளும்: ஏற்காட்டில் கிரேட் பழக்கம்

நேற்று ராத்திரி கதவு சாத்தின கிரேட்டுக்குள்ளேயே, அதாவது நாய்க்கான கம்பிக் கூண்டுக்குள்ளேயே, என் நாய்க்குட்டி மிளகு தூங்கினான். நடுவில் ஒன்றுக்குப் போக ஒருமுறை முனகினதோடு சரி. "பச்சப்புள்ளய எதுக்குக் கண்ணு கம்பிக்குள்ள அடைக்கிற?" என்று தினமும் கேட்ட அம்மாவே காலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எனக்கு அது போதும்.

மிளகு கன்னி என்கிற நாட்டு நாய் இனத்துக் குட்டி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். கிரேட் பிடித்துப்போக உள்ளே சோறு வைப்பது, மேலே போர்வை போர்த்துவது எல்லாம் செய்தேன். வளர்ந்தபின் மாற்ற வேண்டாமென்று 42 இன்ச் கிரேட் வாங்கினேன். உள்ளே இடத்தைக் குறைக்கிற தடுப்பு அதோடு வரவில்லை. இடம் மிஞ்சினால் குட்டி ஒரு மூலையைக் கக்கூஸாக்கிவிடும். எஸ்டேட்டில் கிடந்த சில்வர் ஓக் பலகையை வைத்தால் கடித்தே தீர்த்துவிடுவான். பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டைக் கட்டுக்கம்பியால் குறுக்கே கட்டினேன், முறுக்கின முனை வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி. கச்சிதம்.

உண்மையான வில்லன் தாழ்ப்பாள். கதவு திறந்திருந்தால் உள்ளே மல்லாந்து படுப்பான். நான் கம்பியைத் தள்ளி 'க்ளக்' என்று சத்தம் வந்ததும் எழுந்து ஊளை. அடைபடுவது பயமா, சத்தம் பயமா? அவனை வெளியே உட்காரவைத்து, காலி கிரேட்டில் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் காதை மடக்கிக்கொண்டு நகர்ந்தான். ஆக, சத்தம்தான்.

எண்ணெய் விடு என்றார்கள். தேங்காய் எண்ணெய் யோசனை சொன்னவர்கள் எல்லாம் கீழே சேலத்து வெயிலில் இருப்பவர்கள்! 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைய ஆரம்பிக்கும்; இந்த மலையில் ராத்திரியில் தாழ்ப்பாளுக்குள் வெண்ணெய் மாதிரி கட்டிக்கொண்டது. தையல் மெஷின் எண்ணெய் விட்டால் நக்குவான். கடைசியில் வழுக்கியது மெழுகுவர்த்தி. கம்பியில் நன்றாகத் தேய்த்து, அது போய் முட்டும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினேன். 'க்ளக்' போய் 'தொப்' ஆனது.

அதற்குப் பிறகுதான் பழக்கமே. தாழ்ப்பாளை அசை, ஒரு துளி வேகவைத்த கோழி ஈரல். பாதி தள்ளு, ஈரல். முழுசாகப் போட்டு உடனே திற, ஈரல். சாத்தியிருக்கும்போது கம்பி வழியாகக் கொடுக்கவேண்டும். திறந்தபின் கொடுத்தால் வெளியே வருவதற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். ஊளையிடும்போது அவசரப்பட்டுத் திறக்கவும் கூடாது, விடிய விடியக் கத்தவிடவும் கூடாது. குட்டியால் ரொம்ப நேரம் அடக்க முடியாது. ஒன்றுக்கு முட்டுகிற முனகல் தனி, கொஞ்ச நாளில் காது பழகிவிடும்.

பகலில் வீட்டில் ஆள் இல்லாமல் சாத்திவைப்பது இன்னும் பாக்கி. அதற்குள் மனசு அடுத்த தடுப்பூசிக்குப் போய்விட்டது. சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, போனமுறை மடியிலேயே வாந்தி. இந்த கிரேட் காருக்குள் நுழையாது, பிளாஸ்டிக் பெட்டிதான் வேண்டும். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் சொன்ன விலையைக் கேட்டு எனக்கே தலைசுற்றியது, வளைவே இல்லாமல். பழையது யாரிடமாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே நிபந்தனை, அதன் தாழ்ப்பாளை வாங்குமுன் நான் ஆட்டிப் பார்க்கவேண்டும்.