ஃபென்வே பார்க் 1:200 மாதிரி: களமும் இடது சுவரும் முடிந்தன

அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் அரங்கமான ஃபென்வே பார்க் 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. இன்றும் ஆட்டம் நடக்கும் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) அரங்குகளில் இதுதான் மூத்தது. நூறாண்டுக்கு மேல் இடித்தும் கட்டியும் பூசியும் வந்திருப்பதால், எந்த ஆண்டின் அரங்கைச் செய்கிறோம் என்று முடிவெடுக்காமல் கத்தியைத் தொடக் கூடாது. 1934-க்கு முன் என்றால் இடது சுவர் மரம்; அதன் அடியில் 10 அடி உயரச் சரிவு, மாதிரியில் 15 மி.மீ. மேடு. 1936 முதல் 2002 வரை என்றால் சுவருக்கு மேல் 35 மி.மீ. வலை வேண்டும். சுவர் பச்சையானதே 1947-இல்தான். அதுவரை முழுக்க விளம்பரம். இங்கே எடுத்துக்கொண்டது 2003-க்குப் பிந்தைய வடிவம்: வலை போய், சுவர் உச்சியில் இருக்கைகள் வந்த பிறகு.

அடித்தளம் 4 அடி சதுரம், 12 மி.மீ. ப்ளைவுட். 6 மி.மீ. பலகை பசை ஈரத்தில் வளைந்துவிட்டது. 3 அடியில் களம் அடங்கும், பார்வையாளர் அடுக்குகள் அடங்காது.

எல்லா அளவும், மட்டையாளர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து. எல்லைக்கோடு முடியும் இடது கம்பம் 310 அடி (472 மி.மீ.), வலது கம்பம் 302 அடி (460), மைய மூலை 420 அடி (640). ஓட்டக்காரர் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 137 மி.மீ., ஹோமிலிருந்து இரண்டாம் பேஸ் 194. இந்த மூலைவிட்டம் சரியாக வந்தால்தான் சதுரம் சரி. பழைய படங்களில் இடது கம்பத்தருகே 315 என்று இருக்கும். அந்தத் தூரப் பலகை 310 ஆனது 1995-இல்.

அதிகம் பிசகுவது இடது சுவரில்தான். எல்லைக்கோட்டுக்கு அது செங்குத்து என்று நினைத்து மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டால், சுவரின் மறுமுனை ஹோமிலிருந்து 589 மி.மீ. தள்ளி விழும். இருக்க வேண்டியதோ 379 அடி, அதாவது 578. கோணம் 90-க்குச் சுமார் இரண்டு டிகிரி குறைவு. ஆகவே கோணமானி வேண்டாம். ஹோமிலிருந்து 578-க்கு ஒரு வில், கம்பத்திலிருந்து சுவரின் நீளமான 352-க்கு இன்னொரு வில். வெட்டும் இடமே முனை. இந்த 11 மி.மீ. தவறினால் மையத்து முக்கோண மூலையே கெட்டுப்போகும். ஃபென்வேயை ஃபென்வே ஆக்கும் மூலை அது.

சுவரின் உயரம் 37 அடி 2 அங்குலம், 5 மி.மீ. ஃபோம் போர்டில் 57 மி.மீ. பட்டை. ஒரு பக்கம் மட்டும் பச்சை அடித்தால் மேல்தாள் காயும்போது சுருங்கி, பட்டை வில்லாக வளையும். பின்பக்கமும் அதே அளவு பூச வேண்டும். ஸ்ப்ரே பெயிண்ட் கூடவே கூடாது, வெட்டிய விளிம்பில் நுரை கரைந்துவிடும்.

சுவரில் ஏணியை விடக் கூடாது. வலையில் விழுந்த பந்துகளை எடுக்க வைத்த ஏணி அது. வலை போன பின்னும் நிற்கிறது, பந்து அதில் பட்டால் ஆட்டம் தொடரும். தரையிலிருந்து சுமார் 20 மி.மீ. மேலே தொடங்கும். பிளாஸ்டிக் கொசுவலையில் ஒரு கண் அகலத்துக்குக் கீற்று வெட்டினால் ஏணி தயார். வெட்டுவதற்கு முன் நீர்த்த ஃபெவிகால் தடவாவிட்டால் இழை பிரியும்.

ஸ்கோர்போர்டு இன்றும் கையால் எண் மாட்டுவது. 16 அங்குல எண் பலகை இந்த அளவில் 2 மி.மீ.தான், அச்சிட்டு ஒட்டினால் போதும். ஸ்கோர்போர்டின் செங்குத்துக் கோடுகளில் மோர்ஸ் குறியில் முன்னாள் உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் ஆகியோரின் முதலெழுத்துகள் உண்டு. அவை வேண்டுமென்றால் ஸ்கோர்போர்டை மட்டும் 1:24-இல் தனியாகச் செய்வதே வழி.

உள்களத்து மண்ணுக்குச் செங்கல்தூள், டீ வடிகட்டியில் சலித்தது. புல்லுக்குச் சாயம் ஏற்றிய மரத்தூள். செங்கல்தூளை முதலில் தூவினால் பச்சை அதில் ஊறி அழுக்காகும்; புல்லை ஒட்டி இரண்டு நாள் காயவிட்டுப் பிறகே மண்.

வலது மூலையில், பெஸ்கி கம்பம் எனப்படும் வலது கம்பத்தருகே சுவர் 5 மி.மீ. உயரம்கூட இல்லை, சட்டென்று வளைகிறது. ஃபோம் போர்டு அங்கே நொறுங்கும். 300 ஜிஎஸ்எம் அட்டை இரண்டை வளைத்தபடியே ஒட்டினால் நிற்கிறது.

இனி வலது பக்கத் திறந்தவெளி அடுக்குகள். அங்கே 42-ஆம் பகுதி, 37-ஆம் வரிசை, 21-ஆம் இருக்கை சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து விழுந்த இடம். 502 அடி, ஹோமிலிருந்து நூல் பிடித்தால் 765 மி.மீ. 1946 மாதிரி செய்பவர்கள் இதையும் சிவப்பாக்கிவிடுகிறார்கள். சிவப்பு வந்தது 1984-இல்.