வாசல் பந்தலில் ஊதா அவரை

2024 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஊதா அவரைக்கு இவ்வாண்டு கொல்லைப்புறத்தில் இடம் ஒதுக்காமல், தெருவில் போவோர் கண்ணில் படும்படி வாசலிலேயே பந்தலிட்டு விதைத்தேன். இரவு ஊறவைத்த விதைகளை, மக்கிய தொழுவுரம் கலந்த குழிகளில் மூன்று மூன்றாக, விரற்கணு ஆழத்தில் ஊன்றினேன். கரிய விதையின் விளிம்பில் ஓடும் அந்த வெள்ளைக் கோட்டை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 11

முளைத்த கன்றுகளின் தண்டிலேயே ஊதா நிறம் ஏறியிருக்கிறது. குழிக்கு ஒன்றை விட்டு மற்றவற்றைக் களைந்தேன். அவரைக்குப் பற்றுக்கம்பிகள் கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏறுவதால், தடித்த கம்பத்தைவிட மெல்லிய சணல் கயிறே அதற்கு ஏற்றது.

அக்டோபர் 20

பந்தல் முழுவதும் இலை, ஒரு பூகூட இல்லை. "வெறும் இலைக்கா இவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறாய்?" என்று அம்மா கேட்டார். கொடி அவரை இரவு நீளத் தொடங்கிய பிறகே மொட்டுக் கட்டும் பயிர் என்பதையும், ஆண்டு முழுவதும் விதைக்கத்தக்க குத்து அவரை ரகங்களின் அவசரத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொன்னேன். தினை அரிந்த தாளில் அவரை பூக்கும் காலம் என்று சங்கப் பாடல் ஒன்று பனிப்பருவத்தைச் சுட்டுகிறதென்றால், நம் முன்னோர் இதை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்! இப்போது உரம் இட்டால் இலைதான் பெருகும் என்பதால், மழைநீர் வேரில் தேங்காதபடி மண்ணை அணைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 1

பூத்துவிட்டது. இலைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கொத்துகளில் அடியிலிருந்து நுனிநோக்கி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் விரிகின்றன. காலை வெயில் ஏறியதும் கருவண்டுகள் வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெர்னார்ட் மக்மகான் என்ற விதை வணிகர் 1804-லேயே இந்த அவரையை விற்றிருக்கிறார். வர்ஜீனியாவில் அந்நாட்டின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோவின் தோட்டத்தில் இன்றும் இதை அழகுக்காகப் பந்தலில் ஏற்றுகிறார்கள். நம் ஊரிலோ இதைக் காய்கறியாக மட்டுமே எண்ணிக் கொல்லையில் மறைத்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

டிசம்பர் 15

குருத்துகளிலும் பூக்காம்புகளிலும் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சிகள். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயை வண்டுகள் வராத மாலை வேளையில் தெளித்தேன்.

2025 ஜனவரி 14, பொங்கல்

செம்பு மெருகிட்டாற்போல் மின்னும் காய்களை, உள்ளே விதை புடைப்பதற்கு முன்பே பறித்தோம். அந்த ஊதா நிறமி வெந்நீரில் கரைந்துவிடுவதால் பொரியலில் காய் பச்சையாகவே தெரிந்தது. அவரைக்கே உரிய மணம் மட்டும் வீடெங்கும் நின்றது. பறிக்கப் பறிக்க அதே காம்பில் மீண்டும் பூக்கிறது.

பிப்ரவரி 16

விதைக்கென விட்ட நெற்றுகள் காய்ந்துவிட்டன. முற்றி உலர்ந்த விதையில் சயனைடு உண்டாக்கும் நச்சுப்பொருள் இருப்பதால், சமைப்பதானால் ஊறவைத்து, நன்கு கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாக வாயில் போடக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தேன். நல்ல விதைகளைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்தாயிற்று. கேட்டவர்களுக்குக் கொடுக்கும்போது, வாசலில் ஊன்றும்படி சொல்லியே கொடுக்கிறேன்.