போனில் 2ஜியை அணைத்து வையுங்கள்

டவர் நம் சிம்மைச் சோதிக்கும். சிம் டவரைச் சோதிக்காது. பழைய தலைமுறை மொபைல் நெட்வொர்க்கான 2ஜியின் பெரிய ஓட்டை இதுதான். டவர் 128 பிட் எண் ஒன்றை அனுப்பும். சிம் தன்னிடமுள்ள ரகசியச் சாவியை வைத்துக் கணக்கிட்டு 32 பிட் விடையைத் திருப்பித் தரும். விடையைச் சரிபார்ப்பது நெட்வொர்க் மட்டும். எனவே மோசடிக்காரர்கள் வைக்கும், எந்த விடை வந்தாலும் 'சரி' என்று சொல்லும் போலி டவரோடும் போன் ஒட்டிக்கொள்ளும். பேச்சையும் செய்தியையும் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் வேண்டாம் என்று அது சொன்னாலும் பெரும்பாலான போன்கள் கேட்டுக்கொள்ளும்.

3ஜியிலிருந்து நெட்வொர்க்கும் தன்னை நிரூபித்தாக வேண்டும். ஆனால் 4ஜி போனும் தப்பிவிடாது. சரிபார்ப்பு முடியுமுன் வரும் 'இங்கே சேவை இல்லை' போன்ற மறுப்புகளுக்குக் காவல் கிடையாது. போலி டவர் வலுவான சிக்னலோடு வந்து அப்படி மறுத்தால், போன் தானாகவே 2ஜிக்கு இறங்கிவிடும்.

இறங்கியதும் போலி டவரிலிருந்து எஸ்எம்எஸ் வரும். அனுப்புநர் பெயராக எதையும் போடலாம். வங்கியின் பெயரைப் போட்டால், வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே போய் உட்காரும். தொலைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க்கைத் தொடாததால், ஸ்பேம் வடிகட்டியோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த அனுப்புநர் பெயர்ப் பதிவோ தடுக்காது. 2024இல் பிரிட்டனில் இப்படிச் செய்தி பரப்பியதாக இருவர் கைதானார்கள்.

பிக்சல் போன்களில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், சிம்ஸ் என்று போய் 'அலோ 2ஜி'யை அணையுங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியே பாருங்கள். ஆண்ட்ராய்டு 12இல் வந்த வசதி இது. எல்லா மாடல்களிலும் இருக்காது. ஐபோனில் ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் மோடு என்ற கடும் பாதுகாப்பு முறை 2ஜியை நிறுத்தும். ஆனால் அது மெசேஜோடு வரும் கோப்பு வகைகள் பலவற்றையும் முடக்கும் என்பதால் எல்லோருக்கும் அதைச் சொல்லமாட்டேன்.

2ஜி மட்டுமே எட்டும் மலைப்பகுதிக்குப் போனால் சிக்னல் போய்விடும். அங்கே மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் அவசர அழைப்புக்கு இந்தத் தடை பொருந்தாது.

எஸ்எஸ்7 வேறு கதை. தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசும் அந்தப் பழைய வலையமைப்பு வழியாக, 2017இல் ஜெர்மனியில் மோசடிக்காரர்கள் வங்கி ஓடிபிகளைத் திருப்பிவிட்டுப் பணத்தை எடுத்தார்கள். அதைத் தடுக்க போனில் பொத்தான் கிடையாது. மின்னஞ்சலிலாவது எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு, போனிலேயே அந்த எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். ஆப் கைவிட்டால் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வைத்த பிறகு, கணக்கின் மீட்பு வழிகளிலிருந்தும் போன் எண்ணை நீக்கிவிடுங்கள். எண் அங்கே இருக்கும்வரை ஓடிபி அந்த வழியாகவும் போகும்.