அட்டை தயார், படம்தான் வந்து சேரவில்லை

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் வாழைத் தோட்டத்தையும் கரும்பு வயலையும் பிரித்தறிவதற்காக ஜிஎல்சிஎம் இழையமைப்பைக் (பக்கத்துப் பிக்சல்களின் மதிப்புகள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்துப் பரப்பின் தன்மையைச் சொல்லும் அளவு) கணக்கிடும் வேலையை ஒருவழியாக ஜிபியுவுக்கு, அதாவது கிராஃபிக்ஸ் அட்டைக்கு, மாற்றிவிட்டேன். ஆனாலும் தொடக்கத்தில் வீணான நேரத்தை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பொதுக் கணினியில் அட்டையை இயக்கும் டிரைவர் பழையது, அதில் குடா 12-க்கான (குடா என்பது என்விடியா அட்டைகளில் கணக்கிட உதவும் மென்பொருள்) கூபை என்ற பைத்தான் நூலகம் ஓடாது என்று எழுதிக் கொடுத்தும், அதைப் பராமரிப்பவர் "மற்றவர்களுக்கெல்லாம் ஓடுகிறதே" என்ற பதிலையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் குடா 11-க்கான கூபையை என் கணக்கிலேயே நிறுவிக்கொண்டேன். அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை மேல்வரியில் காட்டும் குடா எண், அந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பே தவிர, கணினியில் உள்ள பதிப்பு அன்று.

நிரலை மாற்றி எழுதியது பெரிய வேலையாக இல்லை. அதன் பிறகும் மொத்த நேரம் அவ்வளவாகக் குறையாததுதான் அதிர்ச்சி. ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டரைக் குறிக்கும் பட்டை (ஓர் அலைநீள வரம்பில் எடுத்த படம்) ஒன்றில் 10,980 × 10,980 பிக்சல்கள் உள்ளன. 16 பிட்டில் அது சுமார் 240 எம்பி. அது ஜேபெக் 2000 வடிவில் சுருக்கப்பட்டு வருவதால், சிபியு அதை விரித்துக் கொடுக்கும்வரை, இலை போட்டும் சோறு வராத பந்தியைப் போல ஜிபியு காத்துக் கிடந்தது. பட்டைகளை ஒரே ஒரு முறை விரித்து, கட்டங்களாக அமைந்த ஜியோடிஃப் (இடக்குறிப்புள்ள பட வடிவம்) கோப்புகளாக எஸ்எஸ்டியில் சேமித்து, ஒரு கட்டத்தை ஜிபியு கணக்கிடும்போதே அடுத்த கட்டத்தை வேறொரு திரெட் (நிரலில் இணையாக ஓடும் பகுதி) படிக்கும்படி அமைத்த பிறகே வேகம் கண்ணில் பட்டது. 16 பிட் எண்களை அப்படியே அனுப்பி, அட்டையில் வைத்து 32 பிட் தசமமாக மாற்றினால், அனுப்பும் தரவும் பாதியாகும். என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) போன்ற எளிய கணக்குக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. படம் அட்டைக்குப் போய்த் திரும்பும் நேரம் கணக்கிடும் நேரத்தை விழுங்கிவிடும்.

எண் வகையைக் குறிப்பிடாமல் காலி அணியை (எண்களின் அட்டவணையை) உருவாக்கினால், சிபியுவில் ஓடும் நம்பை நூலகத்தைப் போலவே கூபையும் 64 பிட் எண்களை எடுத்துக்கொள்ளும். விளையாட்டுக்கென விற்கப்படும் இன்றைய அட்டைகளில் 64 பிட் கணக்கின் வேகம் பெரும்பாலும் 32 பிட்டின் 32-இல் அல்லது 64-இல் ஒரு பங்குதான். "நூறு மடங்கு வேகம்" என்று மார்தட்டும் செய்முறை விளக்கங்களையும் சற்றுச் சந்தேகத்துடனே படியுங்கள்: ஜிபியுவிடம் வேலையை ஒப்படைத்த உடனே பைத்தான் அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதால், ஜிபியு முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லாமல் அளந்த நேரம் வேலையை ஒப்படைத்த நேரம் மட்டுமே.

எங்கள் அட்டையின் 8 ஜிபி நினைவகத்தில் முழுப் படமும் இடைக்கணக்குகளும் அடங்காததால், கட்டம் கட்டமாகத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. முதல் வெளியீட்டில் கட்ட ஓரங்களில் விழுந்த நேர்க்கோடுகளைப் பார்த்த மூத்த ஆய்வாளர், அவை வாய்க்கால்கள் என்று அடித்துச் சொன்னார். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதைச் சுற்றியுள்ள 7 × 7 பிக்சல் சாளரம் தேவை என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் நாற்புறமும் 3 பிக்சல் கூடுதலாகப் படித்து, விடையில் அந்த ஓரத்தை வெட்டியதும் வாய்க்கால்கள் அனைத்தும் மறைந்துவிட்டன.