மேயாத மானைத் தேடி கருவடிக்குப்பம்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர், ஆரோவில் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாடகப் பாட்டில் பிரியம் உள்ளவர்கள் இந்த ஊரில் முதலில் போகவேண்டிய இடம் ஒரு சுடுகாடு. கருவடிக்குப்பம் மயானத்தில்தான் நாடகங்களும் அவற்றுக்குப் பாட்டுகளும் எழுதிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922 நவம்பர் 13 அன்று அவர் புதுச்சேரியில் காலமானார். ஆண்டுதோறும் அதே தேதியில் தென்மாவட்டங்களிலிருந்து நாடகக் கலைஞர்கள் கிளம்பி வந்து, சமாதிக்கு மாலை போட்டு, அவர் கட்டிய பாட்டை அவருக்கே பாடிக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

கடலூரிலிருந்து வருவது சுலபம். இருபத்து இரண்டு கிலோமீட்டர்தான், பேருந்துக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிறவர்கள் புதுச்சேரி பேருந்து நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டாம். வரும் வழியிலேயே கருவடிக்குப்பம் இருக்கிறது, நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். மதுரை, புதுக்கோட்டைக்காரர்களுக்கு விழுப்புரத்தில் இறங்கி மாறுவதுதான் தோது. ஊருக்குள்ளிருந்து ஆட்டோவில் போனால் நான்கைந்து கிலோமீட்டர். ‘சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி’ என்று கேட்டால் சில ஓட்டுநர்கள் சித்தானந்த சுவாமிகள் கோவிலில் இறக்கிவிட்டுவிடுவார்கள். அதுவும் கருவடிக்குப்பம்தான், அதுவும் சமாதிக் கோவில்தான் என்பதால் வரும் குழப்பம் இது. ‘மயானத்துக்குப் போகணும், நாடக சுவாமிகள் சமாதி’ என்று சொல்லுங்கள்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் 13 வடகிழக்குப் பருவமழையின் நடுமையம். குடையை நம்ப முடியாது, கடல்காற்று மடக்கிவிடும். மழைக்கோட்டும் ரப்பர் செருப்பும் எடுத்து வாருங்கள். ஆர்மோனியம் கொண்டுவருகிறவர்கள் பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டவேண்டும். ஈரத்தில் மரம் ஊதி, அழுத்திய கட்டை மேலே எழும்பாமல் நின்றுவிடும். பிறகு நிறுத்தவே முடியாத ஒரே சுரம்தான். உப்புக்காற்றுக்குப் பித்தளை நாக்குகள் மெல்ல மெல்லச் சுருதி பிசகும் என்பதால், திரும்பிப்போனதும் பெட்டியைத் திறந்து நன்றாக உலரவிடுவது அவசியம். பக்கவாத்தியம் இல்லாதவர்களுக்குக் கைபேசியில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் இருந்தால் போதும்.

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் இருபத்து நான்காவது வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று மிரட்டும் வேடங்களே அவருக்கு அமைந்தன. பிறகு நாடகங்களை எழுதி, பயிற்றுவிக்கும் வாத்தியாரானார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெயர்பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். ஒரே இரவில் விளக்கடியில் உட்கார்ந்து ‘அபிமன்யு சுந்தரி’யைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்று அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பதிந்திருக்கிறார். 1921-இல் பக்கவாதம் வந்து பேச்சும் போய்விட்டது. பேச்சையும் பாட்டையும் நம்பியே வாழ்ந்தவர் கடைசிக் காலத்தை மௌனமாகக் கழித்தார். சமாதி முன்னால் நிற்கும்போது மனத்தைப் பிசைவது இதுதான்.

அவரை நீதி சொன்னவர், பக்தி பாடியவர் என்று சொல்லியே பழகிவிட்டோம். இரண்டும் உண்மைதான். ஆனால் நூறு வருஷம் கழித்தும் மேடையில் அவர் உயிரோடு இருப்பது குறும்பினால்தான். அவருடைய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வந்து, தப்பி வந்த மானைப் பார்த்தாயா என்று கேட்கிறார்.

‘காயாத கானகத்தே நின்றுலாவும் நற்காரிகையே, மேயாத மான், புள்ளி மேவாத மான்...’

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிப் பாடி ஊர் உலகம் அறிந்த பாட்டு. ‘கிட்டப்பா பாட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டதால், எழுதினவர் பெயர் பின்னால் போய்விட்டது. வரியை மெதுவாகப் பாருங்கள். காயாத, கானகத்தே, காரிகையே என்று மோனை ஓடுகிறது. காயாத, மேயாத என்று எதுகை பிடிக்கிறது. மேயாத, மேவாத என்று மறுபடி மோனைக்கு வருகிறது. காதுக்கு இத்தனை விருந்து வைத்துவிட்டு, அர்த்தத்தில் அவர் செய்வது கழித்தல் கணக்கு. மான் என்றால் மேயும், இது மேயாது. மான் என்றால் புள்ளி இருக்கும்; இதற்கு இல்லை. மானுக்கு உரியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது யார்? பரண்மேல் கவண்கல்லோடு நிற்கிறவள்தான். வள்ளியோ மான் வயிற்றில் பிறந்தவள் என்பது கதை. மான் மகளிடமே போய் மானைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார் இந்த வேடர். கூட்டத்தில் கிழவிகள் முதலில் சிரிப்பார்கள், கதை அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

இதைப் பாடிப்பார்க்கும்போது எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ‘மேயாதமான்’ என்று ஒரே மூச்சில் ஒட்டிப் பாடிவிடுகிறார்கள். அப்போது அது வெறும் அடைமொழியாகிச் சிரிப்பு செத்துவிடுகிறது. ‘நற்காரிகையே’ என்கிற விளியை வள்ளியைப் பார்த்து முடிக்கவேண்டும். ‘மேயாத’ என்று இழுத்து ஒரு நொடி நிறுத்தவேண்டும். பார்வையை அவள்மேலிருந்து எடுக்காமல் ‘மான்’ என்று போடவேண்டும்.

இன்னொரு பிழை சுருதியில். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதால் கதாநாயக வேடம் கட்டும் ராஜபார்ட் நடிகர்கள் எட்டாத உயரத்தில் பாடினார்கள். இசைத்தட்டைக் கேட்டு அதே உயரத்தில் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே தொண்டை கிழியும். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் தொடங்குவது பத்திரம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது மேல்நாட்டார் சொல்லும் சி, ஐந்து கட்டை என்பது ஜி.

பாட்டுப் புத்தகத்தோடு போவது நல்லது. பழைய பெரிய எழுத்துப் பதிப்புகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். காகிதம் மிச்சம் பிடிக்க வரிகளை ஒட்டி அச்சடித்திருப்பார்கள். எது வசனம், எது விருத்தம், எது பாட்டு என்று பென்சிலால் முதலில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. குரல் முன்னே போகும், ஆர்மோனியம் பின்னால் வரும், ஜால்ரா சும்மா இருக்கவேண்டும். பாட்டு தொடங்கும் இடத்தில்தான் தாளம் இறங்கும். இதைக் கவனிக்காமல் விருத்தத்துக்கே ஜால்ரா தட்டுவதால்தான் புதியவர்கள் பாடுவது பஜனை மாதிரி ஆகிவிடுகிறது. பல பாட்டுகளின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று மட்டும் இருக்கும். அந்த மூலப் பாட்டே இன்று மறந்துபோயிருந்தால், ஓர் இரவுக்கென்று நடிகர்கள் கூடி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தின் ஆர்மோனியக் கலைஞர் ஒருவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பார்சி நாடக மெட்டு, இந்துஸ்தானி, சிந்து என்று நல்லதாகப் பட்டதையெல்லாம் சுவாமிகள் எடுத்துக்கொண்டார்.

மயானத்தில் பாடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது இன்றும் பயன்பாட்டில் உள்ள இடம். ஊர்வலம் ஒன்று உள்ளே வந்தால் பாட்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். டோலக் வேண்டாம். இரண்டு குரல், ஒரு சுருதி, ஒரு ஜால்ரா போதும். இரண்டு குரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாட்டுகள் பதில் கேட்டு நிற்பவை. வேடன் கேட்டால் வள்ளி மடக்கவேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பாடினால் தர்க்கத்தின் சூடு வராது. ஸ்பெஷல் நாடகத்தில் முன்பின் பார்த்திராத நடிகர்கள் அன்று மாலைதான் சந்தித்து, ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடிக்கிறார்கள். எல்லோரும் படித்தது சுவாமிகள் பாடம் என்பதால் அது முடிகிறது. யார் எந்த வகையாகப் பேச்சைத் திருப்பினாலும் பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

சிரிப்புக்கு இன்னும் இரண்டு இடம் சொல்கிறேன். வேடனுக்கு அடுத்து விருத்தனாக, அதாவது கிழவனாக, வருகிறார் முருகன். பசி என்கிறார், வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். மாவு தொண்டையில் அடைத்து விக்கல் எடுக்கிறது. நல்ல நடிகர் அந்த விக்கலை வைத்தே கால்மணி நேரம் ஓட்டுவார். சாவித்திரி நாடகத்தில் எமன் படும் பாடு வேறு மாதிரி. பிள்ளை வரம் கேட்கிறாள், யோசிக்காமல் தந்துவிடுகிறான், புருஷன் இல்லாமல் பிள்ளை எப்படி என்று அவள் கேட்டதும் உயிரைத் திருப்பித் தருவதைத் தவிர வழியில்லை. எமன் வேடம் கட்டிப் பெயர் வாங்கியவர் எழுதிய எமன் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சுவை கூடும்.

ஸ்பெஷல் நாடகம் முழுசாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம்தான் போகவேண்டும். கடலூர், புதுச்சேரி கிராமங்களில் அதே பருவத்தில் திரௌபதி அம்மன் கோவில்களில் நடப்பது தெருக்கூத்து. கூத்தில் கட்டியக்காரன் சிரிப்புக்குப் பொறுப்பு, ஸ்பெஷல் நாடகத்தில் பபூன். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அமிர்தம்.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே காலாப்பட்டு போகலாம். நடுவில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று கொஞ்ச தூரம் தமிழ்நாடு வந்து, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி தொடங்கும். புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதன் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத்தான் வைத்தார்கள். வாரநாளில் போகவேண்டும், வாசலில் காட்ட அடையாள அட்டை வேண்டும்.

நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரன் ஆசிரியராக இருந்தது அந்தப் பள்ளியில்தான். 1955-இல் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர், 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் மறைந்தார். 2005-இல் வந்த அவருடைய தன்வரலாறு ‘வடு’வை வரும் பேருந்திலேயே படித்துவிடலாம், சின்னப் புத்தகம். பசியையும் சாதி இழிவையும் பேச்சுத் தமிழில், ஒப்பனை இல்லாமல், இடையிடையே சிரிக்கவைத்துக்கொண்டே சொல்லும் எழுத்து அது. சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்த வரி சுடும். ‘மனுசங்கடா’ பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரலும் அவருடையதுதான். அந்தப் பாட்டை அவரே எழுதியதாக இன்றும் பலர் சொல்கிறார்கள். எழுதியது கவிஞர் இன்குலாப். காலாப்பட்டில் அதைப் பாடினால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள், கருவடிக்குப்பத்தில் கிட்டப்பாவோடு சுவாமிகள் பெயரையும் சொன்னது போலவே.